கங்காணி பேசாத புகார்

என் சாப்பாட்டுக் கடைக்கு நேர் எதிரே போலீஸ் ஸ்டேஷன். ஒரு மனுஷனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை. மெர்போக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் ஜனங்கள் ஸ்டேஷன் வாசல்வரை தைரியமாகப் போவார்கள். உள்ளே காக்கிச் சட்டையைக் கண்டதும் கால் பின்வாங்கிவிடும். திரும்பி ரோட்டைத் தாண்டி நேராக என்னிடம் வருவார்கள். டீ வாங்க மாட்டார்கள். கேள்வி மட்டும் கேட்பார்கள்.

"பாய், உள்ள போனா திரும்ப விடுவாங்களா?"

"பாய், எங்க ஆட்ட அடுத்த லயத்துக்காரன் வெட்டித் தின்னுட்டான். இத மாத்தாகிட்ட சொல்றதா, தொரைகிட்ட சொல்றதா?"

மாத்தா என்றால் போலீஸ்காரர். மலாய்க்காரர்கள் வாயிலிருந்து எங்கள் ஜனங்கள் வாய்க்கு வந்து ஒட்டிக்கொண்ட சொல். தொரை தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரர், லயம் கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடு. நான் என்ன வக்கீலா? நாகூர் மீரான் என்று பேர், ரொட்டி தட்டிப் பிழைக்கக் கப்பலேறி வந்தவன். மலாய் பேசுவேன், காலையும் மாலையும் ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோவேன், அவ்வளவுதான். ஆனால் அங்கே நடப்பதைப் பார்த்துப் பார்த்துச் சட்டம் பாதி எனக்குத் தெரிந்துவிட்டது. மீதியைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையும் இல்லை.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி, ஒருநாள் காலை வாடகைக் காரில் பரஞ்சோதிக் கங்காணி வந்து இறங்கினான். ஊரிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு வந்து தோட்டத்தில் சேர்த்தவன் அவன்தான். ஆள் தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்தில் அவனுக்கு வரும்படி. அதனால் ஒருத்தன் தோட்டத்தைவிட்டுப் போகிறேன் என்றாலும் இவனுக்கு வயிறு எரியும். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, பூண் போட்ட தடி. தெரு முழுக்கத் தனக்குச் சொந்தம் என்கிற நடை.

கூட ஒரு பெண்பிள்ளை. காரில் சீட்டு காலியாக இருந்தும் அவளைக் காலடியில் குந்தவைத்துத்தான் கூட்டி வந்திருந்தான். மருதம்மாள் என்று பேர். பால்மரம் வெட்டுகிறவள், சேலையெல்லாம் ரப்பர் பால் கறை. அவள் கடைக்குள் வரவில்லை, வாசலோரம் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

கங்காணி பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "ரெண்டு டீ பாய். எனக்கு கிளாஸ்ல. அவளுக்கு சிரட்டைல ஊத்து," என்றான்.

"என் கடையில சிரட்டை அடுப்புக்குத்தான் கங்காணியாரே."

"கிளாஸ்ல அவ வாய வச்சா, அப்புறம் நான் எதுல குடிக்கிறதாம்?"

"குடிக்காதீங்க."

இரண்டு கிளாஸில் டீ ஆற்றினேன். முதல் கிளாஸை வாசலுக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். இரண்டாவதை அவன் முன்னால் டொக்கென்று வைத்தேன். எனக்கு அந்தப் பெண்பிள்ளைமேல் அப்போது ஒரு இரக்கமும் கிடையாது. என் கடையில் எந்தப் பாத்திரத்தில் எவனுக்கு ஊற்றுவது என்று இவன் யார் சொல்வதற்கு? அதுதான் எனக்கு.

அவன் டீயைத் தொடவில்லை. தரையில் துப்பினான். "எங்க தோட்டத்து ஆளு ஒருத்தன்கூட இனி ஒன் கடை வாசல மிதிக்க மாட்டான், பாத்துக்க," என்றான்.

"அல்ஹம்துலில்லா. கேள்வி கேக்குற கூட்டம் கொறையும்."

உள்ளே அடுப்படியிலிருந்து என் மனைவி சம்சியா, "உங்களுக்கு எதுக்குங்க வம்பு?" என்று முனகினாள். எதிரே எட்டிப் பார்த்தான் கங்காணி. ஸ்டேஷன் சார்ஜன் ரோந்துக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. தடியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "ஏய், இங்கயே கெட. சார்ஜன் வந்ததும் நான் வந்து பேசுறேன். நீ வாயத் தொறக்கக் கூடாது. ஏதும் கேட்டா தலைய மட்டும் ஆட்டு," என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கள்ளுக்கடைப் பக்கம் போனான்.

அவன் தலை மறைந்ததும் வழக்கம்போல் வந்தது கேள்வி.

"பாய், ஆளக் காணோம்னு சொன்னா மாத்தா வந்து தேடுவாங்களா?"

"யாரக் காணோம்?"

"எம் புருஷன்."

"எங்க போனான்?"

"எங்கயும் போகல பாய். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுற கொட்டாய் இருக்குல்ல, அதுக்குப் பின்னால வெறகு அடுக்குற ரூமு. அதுக்குள்ளதான் போட்டுப் பூட்டி வச்சிருக்காரு கங்காணி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொண்டே காணோம் என்கிறாளே! அதட்டிக் கேட்டதில் முழுக்கதையும் வந்தது. அவள் புருஷன் இருளப்பன் காலையில் பேர் கூப்பிடும் இடத்தில், தொரை முன்னாலேயே, ஒரு மாசம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் எந்தக் கூலியும் வேறு தோட்டம் போகலாமாமே, நாங்கள் யான் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னதைக் கேட்டு இன்னும் சில குடும்பங்களும் போகிறோம் என்றன. தொரை பினாங்குக்குப் போனதும் கங்காணி அவனை இழுத்துப்போய் அடித்துப் பூட்டிவிட்டான். முதல் நாள் உள்ளேயிருந்து திட்டுகிற சத்தம் கேட்டதாம். அடுத்த நாள் இருமல் மட்டும். நேற்றுச் சோற்றைக் கொண்டுபோய்ப் பலகைச் சந்தில் நீட்டினாளாம், வாங்குவதற்குக் கை வரவில்லையாம்.

"சரி, அதைச் சொல்ல வந்தவ எதுக்கு அந்தக் கங்காணியோடயே வந்தே?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "கங்காணி இல்லாம எப்பிடி பாய் ஸ்டேஷனுக்குப் போறது? அவருதான பேசணும்? போலீசுல போயி சொல்லப் போறேன்னு அவருகிட்ட சொன்னேன். சரி வா, நானே கூட்டிப் போறேன்னு காரு வச்சுக் கூட்டியாந்தாரு."

அடித்துப் பூட்டியவனையே கூட்டிக்கொண்டு அவன்மேல் புகார் கொடுக்க வந்திருக்கிறாள்! அவளைச் சொல்லியும் குற்றமில்லை. தோட்டத்து வழக்கமே அதுதான். ஆஸ்பத்திரியில் வயிற்றுவலி என்று சொல்வதும் கங்காணி, தொரையிடம் லீவு கேட்பதும் கங்காணி, பிள்ளை பிறந்ததைச் சொல்வதும் கங்காணி. கப்பலை விட்டு இறங்கிய நாள் முதல் வெளி மனுஷன் ஒருத்தனிடம் இவர்கள் தாங்களாக வாய் திறந்ததில்லை. இப்படி ஒரு ஜனத்தை வைத்துக்கொண்டு சட்டம் என்ன செய்யும்?

அதோடு எனக்கு இன்னொன்றும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் இதே பெஞ்சில் உட்கார்ந்து கங்காணி ஒரு போலீஸ்காரனுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தான். தோட்டத்து ஆள் ஒருத்தன் ஒட்டுப்பால் மூட்டையைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான், பெண்டாட்டியைக் கூட்டிவந்து புகார் எழுதவைக்கிறேன் என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒட்டுப்பால் என்றால் வெட்டின பட்டையில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ரப்பர். எல்லாம் எனக்கு இப்போது விளங்கிவிட்டது. அடி எல்லை மீறிவிட்டது. ஆள் செத்தாலும் சாவான். ஓடிப்போனான் என்று பெண்டாட்டி வாயாலேயே பதிந்துவிட்டால், அப்புறம் அவனை எந்த மரத்தடியில் புதைத்தாலும் கேட்பார் இல்லை.

அதை அவளிடம் அப்படியே சொன்னேன். பூசி மெழுகுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவள் அழவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நானே போயி உண்மையச் சொல்லிடுறேன் பாய். அடிச்சுப் பூட்டி வச்சிருக்காங்கன்னு," என்றாள்.

"சொல்லு. போன மழைக்காலத்துல அழகம்மான்னு ஒருத்தி மண்டை ஒடைஞ்சு ரத்தத்தோட வந்து சொன்னா. இது தோட்டத்து விவகாரம், தொரைகிட்ட போன்னு சார்ஜன் அனுப்பிட்டாரு. ஆனா அதே தோட்டத்துல ரப்பர் ஷீட்டு கொஞ்சம் காணாமப் போனப்ப என்ன நடந்துச்சு தெரியுமா? சோத்துல கை வச்சவரு கையக் கழுவாம ஓடுனாரு. மேல இருக்குற வெள்ளைக்காரன் அவருகிட்ட ரப்பர் திருட்டு எத்தனை புடிச்சேன்னுதான் கேப்பான். கூலிக்காரன் எத்தனை பேரு செத்தான்னு கேக்க மாட்டான்."

"அதுக்கு?"

"ஒன் புருஷன் ரப்பர் திருடினான்னு சொல்லு. திருடனக் கங்காணி ஒளிச்சு வச்சிருக்கான்னு சொல்லு. உடனே கெளம்புவாரு."

அவள் எழுந்தே விட்டாள். "அது திருடாது பாய்! பசியில கெடந்தாலும் அடுத்தவன் வீட்டு மொளகாயத் தொடாது. மாரியாத்தா அறிய எப்பிடி பாய் எம் வாயால சொல்லுவேன்?"

"எனக்குத் தெரியும் அது திருடாதுன்னு. நல்லவன்னு சொன்னா சார்ஜன் உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டாரு. திருடன்னு சொன்னா ஓடுவாரு. எனக்கென்ன, நான் அடுப்பப் பாக்கணும். ஒனக்குப் புருஷன் பேரு வேணுமா, புருஷன் வேணுமா?"

கொடுமையாகத்தான் கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது? அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எதிரே சார்ஜனின் சைக்கிள் வந்து நின்றது. கள்ளுக்கடைப் பக்கமிருந்து கங்காணியும் வருவது தெரிந்தது.

"ஸ்டேஷன்ல அத அடிப்பாங்களா பாய்?"

"அடிப்பாங்க. ஆனா சாக விட மாட்டாங்க. லாக்கப்புல செத்தா அவங்கதான் பதில் சொல்லணும். வெறகு ரூமுல செத்தா யாரும் சொல்ல வேண்டியதில்ல."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "மலாயில எப்பிடிச் சொல்றது, சொல்லிக் குடுங்க," என்றாள்.

சொல்லிக்கொடுத்தேன். லாக்கி சாயா சூரி கெத்தா. என் புருஷன் ரப்பர் திருடினான். கங்காணி சிம்பான் டியா. கங்காணி அவனை வைத்திருக்கிறான். அவள் உதடு அசைய அசைய அதைச் சொல்லிப் பார்த்தாள். அதற்குள் கங்காணி வந்து, "ஏய், வா," என்று கூப்பிட்டான்.

சார்ஜனுக்கு டீ கொண்டுபோகிற நேரம் அது. நானும் டீச்சட்டியும் கிளாஸுமாகப் பின்னாலேயே போனேன். கங்காணி மேசை முன்னால் நின்று நல்ல மலாயில் அளந்துகொண்டிருந்தான். இவள் புருஷன் கெட்டவன், ஒட்டுப்பாலைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான், பாவம் இவள் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள், எழுதிக்கொள்ளுங்கள் துவான் என்றான். சார்ஜன் பேனாவைத் தொட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் தலையாட்ட வேண்டிய இடம் அது.

அவள் தலையாட்டவில்லை. ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"லாக்கி சாயா சூரி கெத்தா," என்றாள். "கங்காணி சிம்பான் டியா."

சார்ஜன் பேனாவைக் கீழே வைத்தார். கங்காணி அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டான், எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து கையை இறக்கினான். "இந்த நாய் பொய் சொல்றா துவான். இதுக்குப் பைத்தியம்." அவள் மறுபடியும் சொன்னாள், இன்னும் உரக்கச் சொன்னாள். எங்கே என்று சார்ஜன் கேட்டது அவளுக்குப் புரியவில்லை. நான் டீயை ஊற்றிக்கொண்டே, "புகைக் கொட்டகைக்குப் பின்னால், விறகு அறையில் என்கிறாள்," என்று மலாயில் சொன்னேன். கங்காணி என்னைப் பார்த்த பார்வையை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது.

சார்ஜன் கங்காணியிடம் மெதுவாகக் கேட்டார். "திருடினான் என்று நீதான் சொல்கிறாய். ஓடிவிட்டான் என்றும் சொல்கிறாய். அவன் உன் பூட்டுக்குள் இருந்தால் ரப்பர் யாரிடம் இருக்கிறது? நீயும் கூட்டா?"

கங்காணி வந்த வாடகைக் காரிலேயே அவனை முன்னால் உட்காரவைத்துப் பின்னால் சார்ஜனும் போலீஸ்காரர்களும் ஏறிக்கொண்டார்கள். ஊற்றிவைத்த டீயைச் சார்ஜன் குடிக்கவே இல்லை.

மத்தியானத்துக்குமேல் இருளப்பனைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். முகம் வீங்கி ஒரு கண் மூடிப்போயிருந்தது. கையைக் கட்டியிருந்த கயிறு அறுத்த இடத்தில் தோல் இல்லை. உயிர் மட்டும் இருந்தது. மருதம்மாள் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். பாதியைக் குடித்தான், பாதி வாயோரம் வழிந்தது. முதலில் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரி, பிறகு லாக்கப். சார்ஜன் சந்தோஷமாக இருந்தார். அவருக்கு ஒரு ரப்பர் திருடன் கிடைத்துவிட்டான்.

கங்காணிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. திருடனைப் பிடித்துத் தொரை வரும்வரை காவலில் வைத்தேன், ஓடிவிட்டான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்றான். தொரையும் பினாங்கிலிருந்து வந்து அவனுக்காகப் பேசினார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒட்டுப்பால் மூட்டை ஒன்றையும் எங்கிருந்தோ கொண்டுவந்து கோர்ட்டில் வைத்தான். ஒரு ஆளை அடித்துப் பூட்டிவைத்ததைப் பற்றி அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. மூட்டையின் எடையை மட்டும் இரண்டு தடவை கேட்டார்கள். தூ!

சாட்சிக்கு மருதம்மாளைக் கூப்பிட்டார்கள். மாற்றிச் சொன்னால் புருஷனை மறுபடி கங்காணி கையில்தான் விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கூண்டில் நின்ற இருளப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி வந்து உண்மையைச் சொல்வாள் என்று அவன் நம்பியிருந்தது அவன் முகத்திலேயே தெரிந்தது. "உன் புருஷன் ரப்பர் திருடினானா?" என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். "ஆமாங்க," என்றாள். அவன் அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பவே இல்லை. அலோர் ஸ்டார் ஜெயிலுக்குக் கொண்டுபோகும்போதும் திரும்பவில்லை.

லயத்து வீட்டிலிருந்து அவள் சட்டி பானையைக் கங்காணி வெளியே எறிந்துவிட்டான். சம்சியா அவளை எங்கள் அடுப்படியில் சேர்த்துக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தத் தோட்டத்து ஆட்கள் கங்காணி சொன்னபடியே பட்டப்பகலில் என் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் பெண்டுகள் மட்டும் சந்தைக்கு வருகிற சாக்கில் பின்பக்க வழியாக அடுப்படிக்கு வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் பிரேமாவதி என்று ஒருத்தி, கையில் பழுக்கக் காய்ச்சிய கம்பி சுட்ட தழும்போடு, என்னிடம் மெல்லக் கேட்டாள்.

"பாய், எம் மவன் திருடிட்டான்னு சொன்னாத்தான் மாத்தா வருவாங்களாமே, மெய்யா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை விட்டெறிந்தேன். யார்மேல் எறிந்தேன் என்று எனக்கே தெரியாது. இந்தச் சட்டத்தை எழுதினவன் எதிரே இருந்திருந்தால் அவன்மேல் எறிந்திருப்பேன்.

தண்டனை முடிந்து இருளப்பன் ஒரு காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். மொட்டைத்தலை, இடதுகால் இழுத்தது. கடை வாசலில் வந்து நின்றான். மருதம்மாள் அம்மியை விட்டு எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு, தானே இரண்டு கிளாஸில் டீ ஊற்றிப் பெஞ்சில் வைத்தாள். அவன் உட்காரவில்லை.

"நான் திருடினேனா?" என்றான்.

"இல்ல."

"பின்ன? அடிச்சவன் சொன்னான், சரி. கட்டுனவ நீ சொன்னியே. அத்தன பேரு முன்னால."

"டேய்," என்று நான் குறுக்கே விழுந்தேன். "அவள அப்பிடிச் சொல்லச் சொன்னது நான்டா. சொல்லலேன்னா நீ இந்நேரம் மரத்துக்கு எருவாகியிருப்பே."

"நீங்க சும்மா இருங்க பாய். எங்களுக்குள்ள பேச நீங்க யாரு, கங்காணியா?"

இத்தனை வருஷத்தில் இந்தப் பெஞ்சில் கேட்ட கேள்விகளில் பதில் சொல்ல முடியாமல் நான் நின்றது அந்த ஒன்றுக்குத்தான்.

அவன் அவளிடமே சொன்னான். "இனிமே எந்தத் தோட்டத்துல போயி நின்னாலும் திருடன்னுதான் சொல்லுவான். சாவுற வரைக்கும் சொல்லுவான் புள்ள."

"சொல்லட்டும்," என்றாள் மருதம்மாள். "காதால கேக்க நீ இருக்கியே."

அவன் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தான். டீயைத் தொடவில்லை. அவள் தன் கிளாஸைக் குடித்து முடித்தாள். ஆறிப்போயிருந்த அவனுடையதையும் எடுத்துக் குடித்தாள். இரண்டு கிளாஸையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு அம்மிக்குத் திரும்பிப் போனாள்.